சிறந்த கண்ணீருக்கான சான்றிதழ்

உலகத்தில் பரிவு என்ற ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது என்றால், அதற்கு எங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் நலப் பிரிவுதான் முழுப் பொறுப்பு. நான் அதில் மூத்த ஆலோசகன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. இது வெறும் தகவல்.

மற்ற ஆபீஸ்களில் பரிவு தானாக வரும், வராமலும் போகும். நாங்கள் அதை அப்படி விட்டுவிடுவதில்லை. ஆண்டுதோறும் பயிற்சி எடுத்துக்கொள்கிறோம். அன்றும் வாசல் கதவில், 'மாணவர்களுக்கு மேலும் சிறப்பாக உதவும் பயிற்சி நடைபெறுவதால் இன்று மாணவர்கள் வர வேண்டாம்' என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு, கூட்ட அறையில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பிஸ்கட்டும் வந்திருந்தது.

பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் கையில் மைக்கும் முகத்தில் ஓயாத புன்னகையுமாக நின்றார். அவருடைய முறை எளிமையானது. மாணவர் சொல்வதைக் கேட்க வேண்டும், தலையசைக்க வேண்டும், அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரச்சினையைத் தீர்ப்பது இதில் வராது. தீர்த்துவிட்டால் 'உரையாடல்' முடிந்துவிடும் அல்லவா?

"இப்ப செய்முறை. கஷ்டத்துல இருக்கற மாணவியா நடிக்க, நாடகக் குழு ஒண்ணுல சொல்லி ஒரு நடிகையை வரச் சொல்லியிருக்கேன். நானும் அவங்களைப் பாத்ததில்ல. எந்த நிமிஷமும் வந்துருவாங்க" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. தோளில் பையும் தூக்கமில்லாத கண்களுமாக ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க சார். நோட்டீஸைப் பாத்தேன். ஆனா என் விசா இன்னையோட முடியுது. நான் இங்கதான் படிக்கிறேன்னு ஒரு வரி எழுதி, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும். விசா ஆபீஸ் மூடறதுக்குள்ள கொடுக்கணும். இல்லேன்னா ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாங்க."

"ஆஹா, என்ன ஒரு என்ட்ரி!" என்று அம்மையார் எங்கள் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

தலைமை ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே சாய்ந்தார். "உங்க விசா முடியப்போகுதுன்னு நீங்க உணர்றீங்க."

"உணரல சார். முடியுது."

"முடியுதுங்கறது உங்களுக்குக் கவலையா இருக்கு."

"ஆமா சார். அந்தக் கையெழுத்து..."

"கையெழுத்துங்கறது உங்களுக்கு முக்கியம்."

அவர் தலையசைத்தார். நாங்களும் அசைத்தோம். இவ்வளவு ஒற்றுமையை எங்கள் ஆபீசில் சம்பள உயர்வுக் கூட்டத்தில்கூட நான் கண்டதில்லை.

அந்தப் பெண் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "கடைசி வருஷம் சார். அப்பா அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எங்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆலோசகி, அனுபவக் குறைவால், பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மேடம், நிஜமாவே அழற மாதிரி இருக்கே. ஒரு கையெழுத்துதானே, போட்டுரட்டுமா?"

"உக்காரும்மா! நிஜம் மாதிரி இருக்கணும்னுதானே நடிகையைக் கூப்பிட்டது? நீ இப்பவே தீர்த்து வெச்சுட்டா மத்தவங்க எதை வெச்சுப் பழகறது?"

நியாயம்தானே? எல்லோரும் முறை வைத்து அவளுக்குப் பரிவு காட்டினோம். நான் இரண்டு முறை காட்டினேன். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் அவள், "ஐயோ, நான் நடிக்கல சார்" என்று கதறியதற்கு மட்டும் தனியாகக் கைதட்டல் கிடைத்தது.

முடிவில், 'மிகச் சிறந்த நடிப்பு' என்று ஒரு சான்றிதழ் எழுதி, தலைமை ஆலோசகர் தொடங்கி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, அவளிடம் கொடுத்தோம். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒரு கையெழுத்து போதும்னுதானே சார் கேட்டேன்?" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். விசா ஆபீஸ் மூடியிருக்கும். அழுகை நின்றுபோய், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் பிஸ்கட்டை முடிப்பதற்குள் கதவு மறுபடி திறந்தது. தலை கலையாமல் இன்னொரு பெண். "சார், எனக்கு ஒரு பெரிய பிரச்சினை!" என்றாள். தலைமை ஆலோசகர் சளைக்காமல் கேட்டார், தலையசைத்தார், பெரிய பிரச்சினை என்பதைத் திருப்பிச் சொன்னார்.

"ரொம்ப நன்றி சார்! மனசே லேசாயிருச்சு. உங்களை மாதிரி யாரு சார் உதவி செய்வாங்க?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அம்மையாரின் புன்னகை அப்போதுதான் முதன்முறையாகச் சுருங்கியது. "ஒரு நடிகையைத்தானே வரச் சொன்னேன்... இந்த ரெண்டு பேர்ல யாரு நடிகை?"

"ரெண்டாவது வந்தவங்கதான்!" என்றோம் ஒரே குரலில். இத்தனை வருட அனுபவம் வீண்போகுமா? எங்களிடம் உதவி கேட்டு வந்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பிப் போன மாணவி ஒருத்தியைக்கூட நாங்கள் பார்த்ததே கிடையாது.