சிவப்பு விழுந்ததைக் கழித்த கதை

ஒரு வேலை சொன்னால் அதோடு நிற்கத் தெரியாதவன் நான். புரியாததைக் கேட்கவும் கூச்சம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடக் கூடாது.

சாந்தன்பாறையில் எங்கள் வீட்டிலிருந்தே என் மகள் செல்வி கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அவளுடைய ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைல் மேலும் பச்சையோ சிவப்போ ஒரு சின்ன அடையாளம் வரும். கம்ப்யூட்டர் அத்தனையையும் சோதித்த பிறகுதான் வருமாம். அதற்குள் பால் ஊற்றாத ஒரு கட்டன்சாயா குடித்து கிளாஸையும் கழுவி வைத்துவிடலாம்.

அன்று பூப்பாறைக்குப் பல் வைத்தியரிடம் போனவள் போன் செய்தாள். "அப்பா, நாலு மணிக்கு மேனேஜர்கிட்ட வேலையக் காட்டணும். அந்த ஃபோல்டரை மட்டும் தொறந்து வைங்க. நான் வர்றதுக்குள்ள அடையாளமெல்லாம் விழுந்திரட்டும்."

திறந்தேன். வெகுநேரம் கழித்து அங்கங்கே சிவப்பு விழுந்தது. நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். காய் சரியாக உலராத மூட்டையில் சிவப்புச் சாக்பீஸால் கோடு போடுவோம். நல்ல மூட்டைகளோடு அது கிடந்தால் ஈரம் பரவும். உடனே வெளியே இழுக்க வேண்டும்.

இழுத்தேன். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே இருந்த குட்டி ஃபோல்டர்களிலிருந்து சிவப்பு ஃபைல்களையெல்லாம் தேடித் தேடி அதில் தள்ளினேன். நடுவில், 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கவா?' என்று கேட்டது. யாரிடமும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. சரி என்றேன்.

நிம்மதியாக உட்கார்ந்தேன். ஆனால் சற்று நேரத்தில் சிவப்பை எடுத்த அந்தக் குட்டி ஃபோல்டர்கள் மீண்டும் சிவந்தன. கழித்து வைத்ததன் மேலோ ஒரு கேள்விக்குறி. கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

செல்வி வந்து பார்த்தாள். சிவப்பு என்றால் கெட்டது இல்லையாம், திருத்திவிட்டு இன்னும் அனுப்பாத வேலையாம். அனுப்பி முடித்தால்தான் பச்சையாம். அவளுடைய மூன்று நாள் உழைப்பைத்தான் நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறியதில் ஒரு நாள் வேலை அடியோடு போய்விட்டது.

நாலு மணிக்கு மேனேஜர் வீடியோ காலில் வந்து காரணம் கேட்டார். நான் அடுப்படியில் விறகோடு விறகாக நின்றேன்.

"எங்கப்பா ஏலக்கா ஸ்டோர்ல காய் கழிக்கிறவரு, சார்," என்றாள் செல்வி. "கழிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது.

அன்றைக்கே அவள் அந்த அடையாளங்களை நிறுத்திவிட்டாள். இப்போது ஃபோல்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது. (இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.)

ஆனால் வீட்டுக்குள் அடையாளம் நிற்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டு நான் பதில் வராமல் விழித்தால், என் மனைவி அவர்களிடம் சொல்கிறாள்: "கொஞ்சம் பொறுங்க. அவருக்கு இன்னும் பச்சை விழல."