இருபத்தேழாம் எண்

இருபத்தேழாம் எண்ணின் மன அழுத்தம் ஆறிலிருந்து ஏழுக்கு ஏறியிருந்தது. பேராசிரியை காபியைத் தள்ளி வைத்தார்.

'அப்பா ஆவதற்கு முன் ஆண்களின் மனமும் பழக்கமும்' என்பது அவருடைய மூன்று வருஷ ஆய்வு. குழந்தைக்குத் திட்டமிடும் முப்பது கணவன்மார், தொண்ணூறு நாள், தினமும் ஒரு படிவம். சிகரெட்டை விட்டாச்சா, ஒழுங்காகத் தூங்கினீர்களா, மன அழுத்தம் பத்துக்கு எவ்வளவு? ஒரே ஒருத்தர் கழன்றுகொண்டாலும் ஆய்வு அம்போ.

படிவத்தில் எண் மட்டும்தான்; ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயர்ப் பதிவேடு கிளார்க்கின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஒரு பெயர் வெளியே வந்தாலும் வேலை காலி என்று சட்டம் போட்டவரே பேராசிரியைதான்.

"காரணம்னு என்ன எழுதியிருக்கார்?"

கிளார்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'அப்பாவாக நான் ரெடி. மனைவியைத்தான் கண்ணில் காண முடியவில்லை.'"

"என்ன பொம்பளை அவ! கட்டின புருஷனை இப்படியா தவிக்க விடுறது?"

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா..."

"பேரா? மூச்!"

தினமும் காலை ஆறு மணிக்கு அந்த ஆளுக்கு ஆறுதலாக ஒரு மெசேஜ் போக ஏற்பாடு செய்தார். அடுத்தவர் எழுதினால் சரிப்படாது என்று, தானே ஐந்தரைக்கெல்லாம் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து எழுதினார். அந்த வாரமே அழுத்தம் எட்டு ஆனது.

சரி, இவருக்கென்றே ஒரு தனிப் படிவம் போட்டுவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆபீசில் உட்கார்ந்து நாற்பது கேள்வி தயாரித்தார். நடுவில் வீட்டிலிருந்து கணவர் போன் செய்தார்.

"இன்னிக்கு ஒண்ணா சாப்பிடலாம்னு சொன்னியே?"

"விளையாடாதீங்க. இங்க ஒரு மனுஷன் நொந்து நூலாயிட்டிருக்கார், உங்களுக்குச் சோறு பெரிசாப் போச்சா?"

திங்கட்கிழமை அழுத்தம் ஒன்பது. கிளார்க் மறுபடி வாயைத் திறந்தார். பேராசிரியை விரலைக் காட்டியதும் மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த படிவத்தில் மதிப்பெண்ணே இல்லை.

'விலகிக்கொள்கிறேன். இதில் சேர்ந்தாலாவது, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்தேன். நாற்பது கேள்வி வந்தது. அதில் அது இல்லை.'

பேராசிரியைக்கு ஆய்வு மறந்தே போய்விட்டது. கண் கலங்கிவிட்டது.

"பாவம்யா! நானே நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். அப்படியே அந்த மகராசியையும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன். சட்டமாவது மண்ணாவது! அட்ரஸை எடுங்க."

கிளார்க் பீரோ சாவியைத் தொடவேயில்லை.

"அட்ரஸ் எதுக்கு மேடம்? நீங்க வீட்டுக்குப் போனாலே போதும்."