இன்சொல்லுக்கு ஒரு விகுதி

இன்றைக்கு அந்த அறையிலிருந்து தையல் மிஷின் வெளியே போயே தீரவேண்டும் என்று ஸ்பானிஷ் வாத்தியார் சபதம் எடுத்தார். பல் தேய்க்கும்போதே எடுத்துவிட்டார்.

இருப்பது ஒரே அறை. அதில்தான் அவருடைய ஆன்லைன் வகுப்பு, அதில்தான் மனைவியின் தையல் தொழில். லத்தீனில் 'ஆபிலிஸ்' என்று இருந்த விகுதி ஸ்பானிஷுக்கு வந்து 'ஆப்ளே' ஆன கதையை அவர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து கடகடவென்று யாருடைய சட்டைக்கோ கை ஏறும். மாணவர்களுக்கு ஏறியது விகுதியா, மிஷின் சத்தமா என்று அவருக்கே சந்தேகம்.

அன்றைய வகுப்பு முடிந்ததும் விறைப்பாகத் திரும்பினார். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. வீரம் சட்டென்று ஸ்பானிஷுக்கு மாறிக்கொண்டது.

"இன்சொபொர்த்தாப்ளே."

"என்னங்க அது?"

"அதுவா? இன்சொல். இனிமையாப் பேசுறவன்னு அர்த்தம்."

"அப்படியா." அவள் நூலைக் கடித்தாள். "கடைசியில ஆப்ளேன்னு வருதே, அது என்ன?"

"பெயரடை விகுதி. வினையோட ஒட்டினா, அதைச் செய்ய முடியும்னு அர்த்தம்."

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பாடம் நடத்தாமல் இருக்க அவரால் ஆகாது.

"முன்னால இன் வந்தா?"

"முடியாதுன்னு ஆயிடும்."

"நடுவுல இருக்கறது தாங்குறது. போன வாரம் நடத்தினீங்க."

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். "உனக்கு எப்படி..."

"மிஷினை நிறுத்து, நிறுத்துன்னு கத்துவீங்களே. நிறுத்திட்டு வேற என்ன பண்றது? கேட்டுக்கிட்டிருந்தேன். ஆக, நான் தாங்க முடியாதவ. அந்த விகுதிக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாதுன்னும் சொன்னீங்க. அப்போ அது உங்களுக்கும் அளவாத்தான் இருக்கும்."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. அவமானத்தில் காது சிவந்தது. பார்க்கிறவளுக்கு அது கோபமாகத்தான் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். பின்வாங்குகிற பேச்சே இல்லை.

"ஆமா, சொன்னேன். இன்னொரு தடவை தமிழ்லயே சொல்றேன், கேட்டுக்கோ. என்னால தாங்க முடியலை. இந்த ரூம்ல ஒண்ணு மிஷின் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு இப்பவே முடிவு சொல்லு."

அவள் மிஷினைப் பார்த்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மிஷினைத் தூக்க ரெண்டு ஆள் வேணுங்க. நீங்கன்னா நடந்தே போயிடலாம்."