தங்கைக்குக் கதவு வராத காரணம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் கம்ப்யூட்டரும் சுகம். அங்கே நீயும், வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கும் போர்வையும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நேற்று போனில் நீ "எனக்குப் பூவும் வேணாம், கொடியும் வேணாம், கதவக் குடுண்ணே" என்றது முழுக்க முழுக்க நியாயம். நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் படுக்கிற நர்ஸுக்குக் கதவில்லாத வீடு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? அதிலும் போர்வையைப் பார்த்துக் கிளினிக் என்று நினைத்த ஒருவர் உள்ளே வந்து "டாக்டர் எப்ப வருவாரு" என்று கேட்க, நீ தூக்கக் கலக்கத்தில் அவருக்கு பிரஷர் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினாயாமே. அண்ணி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வருத்தமாக இருந்தது. போனில் பேசினால் உன் குரலைக் கேட்டு நான் உளறிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை அண்ணியின் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்று: பூவும் கொடியும் செதுக்கித் தருகிறேன் என்று நான் வாங்கி வைத்திருக்கிற உன் கதவு பத்திரமாக இருக்கிறது. இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்து, அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன், கீறல் படாமல் இருக்க அடியில் துண்டு விரித்திருக்கிறேன். மெஷினும் தயார். பலகையைப் படுக்க வைத்தால் மேலே ஒரு பாலம் முன்னும் பின்னும் ஓடும், பாலத்தில் தொங்கும் மோட்டார் மரத்தைச் செதுக்கும். எல்லாம் நானே பழைய இரும்பிலிருந்து கட்டியது. அண்ணி அதற்கு "மூத்த பிள்ளை" என்று பேர் வைத்திருக்கிறாள், தினமும் காலையில் அதன் முகத்தில்தான் நான் விழிக்கிறேனாம். ஆனால் மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எங்கே இறங்கு, எவ்வளவு ஆழம் போ, எங்கே தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போ என்று வரி வரியாக யாராவது வழி போட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி வழி போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

அவசரப்பட்டு உன் கதவைக் கெடுக்கக் கூடாது என்று, மரம் வெட்டுகிற உளிக்குப் பதிலாக ஒரு பேனாவைக் கட்டி, ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் காகிதத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். முதலாவது இன்டர்நெட்டில் மட்டுமே வேலை செய்யும், லைன் போனால் பாதி இலையில் விட்டுவிட்டுக் கிணற்றில் போட்ட கல் மாதிரி உட்கார்ந்துவிடும். இரண்டாவது எல்லாம் அழகாகக் காட்டியது, சேமிக்கப் போனால் காசு கொடு என்றது. மூன்றாவது இலவசம்தான், ஆனால் நான் மில்லிமீட்டரில் வரைந்ததை அது அங்குலம் என்று எடுத்துக்கொண்டு உன் வீட்டுக் கூரையை விடப் பெரிய பூ போடக் கிளம்பி, பாலம் ஓரத்தில் போய் மோதி டர்ர்ரென்று நின்றது. அடுத்ததற்குக் காகிதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, பேனாவைக் காகிதத்துக்குள் குத்தி இறக்கிவிட்டது. அது அண்ணியின் பேனா. அன்று மத்தியானம் முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, சரிசெய்துவிட்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் இந்த மூலையில் ஒரு இலையை முடித்து, பேனாவைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கு ஓடி, அங்கே ஒரு மொட்டைப் போட்டு, மறுபடி இங்கேயே வருகிறது. நான் பஸ் டிப்போவில் உட்கார்ந்து வேலைக்காலம் முழுக்க வண்டிகளுக்கு ரூட் போட்டவன். ஆள் ஏற்றாமல் ஒரு வண்டி தெருவில் போனால் எனக்குச் சோறு இறங்காது. அண்ணியின் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறானே, அவன் பார்த்துவிட்டு, "அத்தான், அது என்ன டீசலா குடிக்குது? சும்மா ஓடுனா ஓடிட்டுப் போகட்டுமே. அங்க அக்கா கதவில்லாம கெடக்குறாங்க" என்றான். நான் "காலி ஓட்டம் காலி ஓட்டம்தாண்டா" என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்து ஆறுதல் சொன்னாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் விட்டேனா? தேடித் தேடி, பக்கத்தில் இருக்கிற இலையைப் பக்கத்திலேயே முடித்துவிட்டு நகருகிற சாஃப்ட்வேர் ஒன்றை நேற்றுக் கண்டுபிடித்துவிட்டேன். வேரிலிருந்து நுனி வரைக்கும் ஒரே ஓட்டம், வழியில் வீண் அலைச்சல் இல்லை. பேனா போவதைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அண்ணியே வந்து நின்று பார்த்துவிட்டு "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அவள் வாயால் அப்படி வந்தது என்றால் நீயே கணக்குப் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூவும் கொடியுமாகக் கதவு உன் வாசலில் நிற்கும், இது அண்ணன் வாக்கு.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் ரூம், வாடகை ரூம் என்று இத்தனை காலம் ஓட்டிவிட்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் நீயே வாங்கின வீடு அது. நான் ஒரு செங்கல் கூடக் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உள்ளே வருகிறவன் முதலில் தொடுகிற இடத்திலாவது என் கை வேலை இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். நீ நன்றாகத் தூங்கி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் அந்த வீட்டில் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரை இறக்கிவிட்டு, உன் கதவை முதன்முதலாக மெஷினில் ஏற்றினோம். ஏறவில்லை. காகிதம் போன வழியில் கதவு போகவில்லை. அது நல்ல கெட்டி மரம், பாலத்துக்கு அடியில் நுழையவே இல்லை. அண்ணியின் தம்பிதான், "ரூட்டெல்லாம் போட்டீங்க அத்தான், பாலத்தோட ஹைட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டான். பாலத்தைப் பிரித்து உயர்த்திக் கட்டுகிற வரை உன்னைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. ஆகவே கதவு எப்படி வந்ததோ அப்படியே, பூவில்லாமல் கொடியில்லாமல், நாளைக் காலை நீ டியூட்டியிலிருந்து வருவதற்குள் மாட்டியிருக்கும். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதாக இருந்தால் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திட்டு.