தண்ணீர் கண்ட கிரேக்கக் குடம்

கனவு காண்கிற ஆளை உடையக்கூடிய சாமான்கள் விற்கும் கடையில் வேலைக்கு வைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அப்படி வைக்கப்பட்ட ஆள் நான்தான்.

ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பழம்பொருள் கடை. என் முதல் வேலை. அங்கே விலைக்கு இருந்த பழைய கிரேக்கக் குடம் விற்றுப்போனால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். (அம்மா அதற்கு முன்பே நாங்கள் குடியிருந்த மல்வேர்ன் பகுதி முழுக்கச் சொல்லி என்னை நிரந்தரமாக்கிவிட்டார்.)

செம்மண் நிறக் குடம். அதைச் சுற்றிக் கறுப்பாகத் தீட்டிய பெண்கள் தலையில் குடங்களோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். பனி கொட்டும் பிற்பகல்களில் கடைக்கு ஈ, காக்கை வராது. நாடியில் கைவைத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் நிற்பவள்மேல் எனக்குத் தனிப் பாசம். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களாக நிற்கிறாள், இன்னும் முறை வரவில்லை. சிலவேளை அவள் பெருமூச்சுக்கூட எனக்குக் கேட்கும். (முதலாளி கூப்பிடுவது மட்டும் கேட்காது.)

ஒருநாள், குடத்தை வாங்கப் பெரிய மனிதர் ஒருவர் நாளைக்கு வருவதாகவும், தானே போய் அழைத்து வருவதாகவும், குடத்தை வெளியே எடுத்துவைத்து வரவேற்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் முதலாளி சொன்னார். அம்மாவிடம் யோசனை கேட்டேன்.

"பெரிய ஆக்கள் வந்தால் வாசலிலை நிறைகுடம் வைக்கிறதுதானே பிள்ளை. உதுக்கும் நான் சொல்லோணுமே?"

"குடத்துக்கு எங்கையம்மா போறது?"

"ஏன், கடையிலை ஒரு குடமும் இல்லையோ?"

இருந்தது. தண்ணீர் எடுக்கவே செய்த குடம் என்று முதலாளியே விளக்கியுமிருந்தார். மறுநாள் தேங்காய், மாவிலை, வாழையிலையோடு பஸ் ஏறினேன். வாசலில் இலை விரித்து, அரிசி பரப்பி, குடத்தை வைத்தேன். தண்ணீர் ஊற்றும்போது கடைசிப் பெண்ணைப் பார்த்து, "இந்தா, உனக்கும் கிடைச்சிட்டுது" என்றேன். மனம் அப்படி நிறைந்திருந்தது.

அவர்கள் உள்ளே கால் வைத்த நேரம் குடத்தில் மெல்லிய கோடொன்று வியர்த்தது. பிறகு இன்னொன்று. எப்போதோ உடைந்து, தண்ணீரில் கரைகிற பசைபோட்டு ஒட்டிய குடமாம். (என்னிடம் சொன்னார்களாம். அப்போது நான் அந்த வரிசையில் நின்றிருப்பேன்.) சத்தமே இல்லை. வாழைப்பூ மடல் கழல்வதுபோலக் குடம் மெதுவாக விரிந்தது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். தேங்காய் உருண்டுபோய்ப் பெரிய மனிதரின் சப்பாத்துக் காலில் முட்டி நின்றது. முதலாளி மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். யாராவது ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? நான் கைகூப்பி, "வாங்கோ" என்றேன்.

பெரிய மனிதர் போய்விட்டார். குடத்தைப் பிறகு ஒட்டிவிட்டார்கள். என் வேலையை ஒட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பாதி அழுகை வேலைக்கு, பாதி அந்தப் பெண்ணுக்கு.

போன மாதம் தங்கச்சி ரூஜ் பகுதியில் புதுவீடு குடிபுகுந்தாள். வாசலில் நிறைகுடம் கொஞ்சம் சரிந்திருந்ததால் நேராக்கக் குனிந்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"இது பித்தளையம்மா, கரையாது."

"நீ தள்ளி நில் பிள்ளை. நீ பாத்தாலே கரையும்."