உள்பக்கத் தாழ்ப்பாளுக்கான ஐந்தாண்டுத் திட்டம்

இருட்டிய பிறகு, தண்ணீர்க் கட்டண அலுவலகத்தின் பழைய கோப்பு அறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்ஸூக்... டக். ஸ்ஸூக்... டக். கொஞ்சம் நிற்கும். யாரோ பெருமூச்சு விடுவதுபோல் இருக்கும். மறுபடியும் ஸ்ஸூக்... டக்.

வாட்ச்மேன் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். முதல் நாள் எலி என்று நினைத்தார். இரண்டாம் நாள் குழாயில் காற்று இழுக்கிறது என்று நினைத்தார். ஊருக்கெல்லாம் தண்ணீருக்கு பில் போடும் அந்தக் கட்டடத்தின் குழாயில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது என்பது நினைவுக்கு வந்ததும் தன் ஸ்டூலை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் பதிவேட்டை எடுத்து, "இரவு ஏழு பத்துக்கு அடையாளம் தெரியாத ஒலி. எழுப்பியவர் பெயர், பதவி தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுதி வைத்துவிட்டால் அப்புறம் சும்மா இருக்க முடியாது. சூப்பிரண்டு, தம்மைத் தலைவராகவும் வாட்ச்மேனை உறுப்பினராகவும் டார்ச் லைட்டைச் சாட்சியாகவும் கொண்டு ஒரு குழு அமைத்தார். நான்காம் நாள் ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் குழு கதவைத் தள்ளியது. உள்ளே கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி தடால் என்று விழுந்தது.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள் மாலை ஷிப்டில் பில் அச்சடிக்கும் எழுத்தர். வயது இருபத்தாறு. வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. கையில் தாய்ப்பால் எடுக்கும் பம்பு.

"ஐயோ சார், வெளியே போங்க!"

"நீதானாம்மா? நாங்க என்னமோ நினைச்சிட்டோம்" என்றார் சூப்பிரண்டு. போகத்தான் செய்தார். ஆனால் போவதற்கு முன் விழுந்த நாற்காலியை டார்ச் அடித்துப் பார்த்தார், அது எந்தப் பிரிவுக்குச் சொந்தமான நாற்காலி என்று.

அன்றைக்குப் பம்பில் அதற்குமேல் ஒரு சொட்டு இறங்கவில்லை. பயந்தால் பால் இறங்காது. இது அவள் உடம்புக்குத் தெரியும், துறைக்குத் தெரியாது.

அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் உண்டு. உள்பக்கம் ஒன்றும் கிடையாது. கோப்புகள் வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் கவலையே தவிர, எந்தக் கோப்பும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள விரும்பியதாகத் துறையின் அனுபவத்தில் இல்லை.

மறுநாள் அவள் சூப்பிரண்டிடம் போய் நின்றாள்.

"சார், அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

"நான் என்ன தச்சனா?"

"இல்ல சார், ஆபீஸ் மூலமா..."

"எழுத்து மூலமா கொடும்மா."

"எந்தப் படிவத்துல சார்?"

சூப்பிரண்டு இழுப்பறையைக் குடைந்தார். விடுப்புப் படிவம் இருந்தது. விசிறி பழுது, எலி ஒழிப்பு, இறந்தவருக்கு வழியனுப்பு எல்லாவற்றுக்கும் இருந்தது. தாழ்ப்பாளுக்கு இல்லை. கடைசியில், அந்த வாரம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இறங்கிய, இன்னும் பசை வாசனை போகாத ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

"இதுல எழுது. இப்போ எல்லாம் இதுலதான்."

அது 'பணியாளர் நீண்டகால இலக்குப் படிவம்'. ஊழியர்களின் ஊக்கத்தை அளந்து பார்த்ததில் அது தரைமட்டத்தில் இருப்பது தெரியவந்ததாம். சம்பளம், நாற்காலி, கழிப்பறை இவற்றுக்கும் ஊக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும், தொலைதூரத்தில் ஒரு இலக்கு இல்லாததே காரணம் என்பதும் ஒரு குளிரூட்டப்பட்ட அறையில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: ஐந்து ஆண்டுகளில் நீங்கள் எதை அடைந்திருக்க விரும்புகிறீர்கள்? இலக்கு இல்லாதவருக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அவள் தற்காலிக ஊழியர். வருஷா வருஷம் நீட்டிப்பு.

அலுவலகத்தில் மற்ற முப்பத்தொரு பேரும் 'சூப்பிரண்டு ஆவது' என்று எழுதிக் கொடுத்தார்கள். சூப்பிரண்டுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவள் மட்டும் 'பழைய கோப்பு அறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள்' என்று எழுதினாள்.

படிவங்களைப் படிக்க ஊக்க அலுவலர் என்று ஒருவர் புதிதாக நியமிக்கப்பட்டிருந்தார். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் சிரித்த முகம். நேரில் அந்தச் சிரிப்பு இல்லை. அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்கே இருக்கீங்க?"

"தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ளே சார்."

"உங்க கனவு ரொம்பச் சின்னதா இருக்கு."

"நாலு விரல் நீளம் இருந்தா போதும் சார்."

"பெருசா நினைங்க!"

"பெரிய தாழ்ப்பாளா சார்?"

ஊக்க அலுவலர் பேனாவை மூடினார், திறந்தார். "பாருங்கம்மா, இலக்கு தப்பில்ல. உறுதியா இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, அளக்க முடியுது. எல்லாம் சரி. ஆனா இது குறுகிய கால இலக்கு. ஒருத்தர் ஸ்க்ரூ டிரைவரோட வந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் மிச்ச அஞ்சு வருஷமும் எதை நம்பி நீங்க ஊக்கத்தோட வேலை செய்வீங்க?"

"குழந்தைக்கு அஞ்சு மாசம் சார். அவனுக்கு இப்போதான் வேணும்."

"அந்தத் தவிப்பு இருக்கு பாருங்க, அதுதான் ஊக்கம்! அதை வீணாக்கலாமா?"

வீணாக்கவில்லை. படிவத்தின் மேல் 'நீண்ட' என்று முத்திரை குத்தி, தாழ்ப்பாளை ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். முதலாண்டு: தாழ்ப்பாளின் தேவையை உணர்தல். இரண்டாமாண்டு: தாழ்ப்பாளை மனக்கண்ணில் காணுதல். மூன்றாமாண்டு: தாழ்ப்பாளுக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ளுதல். நான்காமாண்டு கொள்முதல். ஐந்தாமாண்டு அடைதல்.

இரவு வீட்டுக்கு வந்து அழுதாள். புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டான். அவன் காலை ஷிப்ட். சாயங்காலமானால் தாயும் அவன்தான்.

"இதுக்கா அழறே? ஹார்டுவேர் கடையில ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்தா ஆச்சு."

"என்னங்க, ஆபீஸ் கதவுங்க அது."

"ஆபீஸ் கதவுன்னா ஆணி ஏறாதா?"

ஏறியது. வாட்ச்மேனே வந்து நான்கு திருகாணியை முறுக்கிக் கொடுத்தார். "அன்னைக்கு நான் எழுதி வச்சிருக்கக் கூடாதும்மா" என்று ஆறு தடவை சொன்னார். அன்று மாலை அவள் கதவைத் தாழிடப் போன நேரத்தில் சூப்பிரண்டு வராந்தாவில் வந்து நின்றார். பின்னாலேயே ஊக்க அலுவலர், முகத்தில் ஈயாடாமல்.

"என்னம்மா காரியம் பண்ணிட்டே!"

"என் கைக்காசு சார். துறைக்குச் செலவே இல்ல."

"செலவைப் பத்தி யார் பேசினா? இலக்கை நாலு வருஷம் பதினோரு மாசம் முன்கூட்டியே அடைஞ்சிருக்கே. அனுமதி வாங்கினியா?"

"மத்த முப்பத்தொரு பேரோட மனநிலையை நினைச்சுப் பாருங்க" என்றார் ஊக்க அலுவலர், நிஜமாகவே வருத்தத்துடன். "அவங்க எல்லாம் இன்னும் முதலாண்டுலதான் இருக்காங்க."

அதே நான்கு திருகாணியை வாட்ச்மேனே கழற்ற வேண்டியதாயிற்று. முன்கூட்டி அடையப்பட்ட தாழ்ப்பாள் உறையிலிடப்பட்டு, அரக்கு வைக்கப்பட்டு, கோப்பில் சேர்க்கப்பட்டது. கோப்பு அதே அறையில் வைக்கப்பட்டது. ஆக அறைக்குள் தாழ்ப்பாள் இருந்தது, கதவில்தான் இல்லை.

அவள் மறுபடி நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். இப்போது ஒரு காலடிச் சத்தம் கேட்டாலும் கை நின்றுவிடும். வராந்தாவில் யாராவது இருமினால் உடம்பு இறுகிவிடும். ஆறாவது மாதம் பாட்டிலில் பாதி வந்தது. ஏழாவது மாதம் அடி நனைந்தது. ஒரு திங்கட்கிழமை அதுவும் இல்லை. புருஷன் பால் மாவு டின் வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். குழந்தை இரண்டு நாள் துப்பியது, அப்புறம் பழகிக்கொண்டது.

படிவத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை. அவளே போய்ச் சொன்னாள்.

"சார், பால் நின்னுபோச்சு. இனிமே தாழ்ப்பாள் வேண்டாம்."

"இலக்கைக் கைவிடறீங்களா?" ஊக்க அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ நீட்டிப்பு?"

பால் மாவு டின் வாங்க வேலை வேண்டும். வேலைக்கு இலக்கு வேண்டும். இலக்குக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஆகவே அவள் தாழ்ப்பாளைத் தொடர்ந்து விரும்பினாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுத்தாள். இரண்டாமாண்டு மனக்கண்ணில் கண்டதைப் படமாக வரைந்து கொடுத்தாள். சூப்பிரண்டு அதைப் பார்த்துக் கைப்பிடி வளைவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்றாமாண்டு 'தாழ்ப்பாளும் தன்னம்பிக்கையும்' என்று ஒரு கூட்டத்தில் பேசினாள். கைதட்டினார்கள். அவளுக்கே ஆச்சரியமாக, பேச வந்தது. 'தடைகளைப் படிகளாக்கி' என்பது மாதிரியான வார்த்தைகள் யோசிக்காமலே வாயில் வந்து விழுந்தன. முப்பத்தொரு பேரின் இலக்கும் ஒரே நாற்காலியில் முட்டிக்கொண்டு நிற்க, துறையிலேயே நகர்ந்துகொண்டிருந்த ஒரே இலக்கு அவளுடையதாக இருந்தது. நான்காமாண்டு அவளை நிரந்தரமாக்கினார்கள்.

ஐந்தாமாண்டு தாழ்ப்பாள் வந்தது. இரண்டு முழ நீளம். கோப்பின் மேல் 'நீண்ட' என்ற முத்திரை இருந்ததால் கொள்முதல் பிரிவு அப்படியே வாங்கிவிட்டது. அது பழைய கதவில் அடங்கவில்லை என்பதால் அகலமான கதவு வாங்கினார்கள். கதவு அகலமானதால் சுவரை இடித்தார்கள். இடித்த வழியே மழைச் சாரல் அடித்துக் கோப்புகள் நனைந்து வீணாயின. வீணான கோப்புகளை அகற்றியதும் அறை காலியாக, அழகாக இருந்தது. 'இலக்கு அறை' என்று பலகை மாட்டி, ரிப்பன் வெட்டி, பதவி உயர்ந்து போகும் ஊக்க அலுவலரின் இடத்தில் அவளை உட்காரவைத்தார்கள். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் சிரித்த முகம்.

வீட்டில் பையன் அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "இது யாரும்மா?"

ரிப்பன் வெட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். இருட்டுகிற நேரத்தில் வாட்ச்மேன் வந்து தலையைச் சொறிந்தார்.

"அம்மா, மாடிப்படிக்குக் கீழே அந்தச் சத்தம் கேக்குதும்மா."

"எந்தச் சத்தம்?"

"உங்களுக்குத் தெரியாததா? பதிவேட்டுல எழுதலைம்மா. இந்தத் தடவை எழுத மாட்டேன். நேரா உங்ககிட்ட வந்துட்டேன்."

அவர் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். புதிதாக வந்த தற்காலிக ஊழியர். துப்பட்டாவை மார்பில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கையில் படிவம்.

"அக்கா, படிக்குக் கீழே ஆளுங்க போயிட்டும் வந்துட்டும் இருக்காங்க. பயமா இருக்கு. இங்கே ஒரு பத்து நிமிஷம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா..."

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"நாலு, அக்கா."

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்து கோணியிருந்தது, நின்றுகொண்டே எழுதியிருக்க வேண்டும். 'உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, பத்து நிமிடம்.' ஒரு கணம் கதவை விரியத் திறந்துவிட்டு எழுந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் இது பத்து நிமிடக் காரியம் என்றால், அவளுடைய ஐந்து வருடத்துக்கு என்ன பெயர்? மூன்று மாதத்துக்கு ஒன்றாக இருபது அறிக்கை, படம், கைதட்டல், அலமாரியில் அந்த டின்?

"உன் கனவு ரொம்பச் சின்னதா இருக்கும்மா" என்றாள். குரல் கனிவாக இருந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"அக்கா?"

"இதை ஒழுங்கா அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுக்கலாம். நான் காத்திருக்கலையா?"

வாட்ச்மேன் அவளைப் பார்த்தார். அந்தப் பெண் பார்த்தாள். துப்பட்டாவில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பார்வைக்கும் எதிரே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. படிவத்தில் 'நீண்ட' என்று முத்திரையைக் குத்தி நீட்டினாள். எழுந்து வந்து அந்த அகலமான கதவை அவர்கள் முகத்தின் மேல் மெல்லச் சாத்தினாள்.

உள்ளிருந்து இரண்டு முழத் தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்து, டக் என்று விழுந்தது.