மாப்பிள்ளையின் டர்போ காரும் அதற்குள் இல்லாத புறாவும்

அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமென்று நம்புகிறேன். நம் இரண்டு வீட்டிலும் சேர்த்து நலமில்லாமல் இருப்பது உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுதான்.

வாரத்துக்கு ஒரு சுற்று ஓட்டிவிட்டு உறை போட்டு மூடிவிடுங்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வாரமே, கொஞ்சம் வேகமாகப் போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் முன்பக்கத்தில் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். முப்பத்தாறு வருஷம் குடிநீர் வாரியத்தில் குழாய்க் கசிவு கண்டுபிடிப்பதையே வேலையாகப் பார்த்தவன் நான். புஸ்ஸென்று கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, உங்கள் அத்தையிடம் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடச் சொல்லி, காதை வைத்துத் தேடியதில் ஒரு குழாயின் மேல் டப்பி மாதிரி ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. திறந்திருந்தால் மூட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரப்பர் அடைப்பு வைத்து, கிளிப் போட்டு முறுக்கினேன். சத்தம் நின்றது, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஓட்டிப் பார்த்தால், காலை எடுக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘குடுகுடுகுடு’ என்கிறது. உங்கள் அத்தை பதறிவிட்டாள். “என்னங்க, உள்ள புறா மாட்டிக்கிட்டிருக்கு. பாவம், நிறுத்துங்க!” எனக்கும் அப்படித்தான் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தடியில் தானியம் தூவி இரண்டு நாள் காத்திருந்தேன். தானியத்தை எறும்பு தூக்கிப் போனது, புறா வரவில்லை. வண்டி நின்றிருந்தால் பேசாமல், ஓடும்போது, அதுவும் நான் காலை எடுத்தால் மட்டும் பேசுகிற புறா என்ன ஜாதி என்று எனக்கு விளங்கவேயில்லை.

மூன்றாவது வாரம் நாற்சந்தியில் ‘டப்’பென்று ஏதோ கழன்று, கரும்புகை கக்கி வண்டி நின்றுவிட்டது. போக்குவரத்துக் காவலர் இருமிக்கொண்டே வந்து, “என்ன சார் இது?” என்றார். “உள்ள புறா இருக்குங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ள ஆள் கூப்பிட்டார்.

இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவரை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கழன்ற குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சார், இது டர்போ வண்டி. காலை எடுத்ததும் மிச்சக் காத்து வெளிய போகத்தான் இந்த வாய். இதை அடைச்சா காத்து திரும்பி வந்து டர்போவையே அடிக்கும். அதான் குடுகுடுன்னு கத்தியிருக்கு. கடைசியில குழாயைப் பிடுங்கிடுச்சு. எந்தப் புண்ணியவான் அடைச்சது?” என்றார்.

மாப்பிள்ளை, இங்கேதான் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். “எங்க மாப்பிள்ளைதான்” என்று சொல்லிவிட்டேன்.

“படிச்சவரா?”

“ரொம்ப.”

“அதான் பார்த்தேன்.”

அப்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தோடு விட்டதா? உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டி, நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் ஸ்பானர் திருத்த ஆரம்பித்தார். “இந்த ஏர் ஃபில்டர் அவர் போட்டதா? எடுத்துடவா?” தலையாட்டினேன். ஆட்ட ஆரம்பித்த தலையை நிறுத்த முடியவில்லை. இப்போது நான் வைத்த அடைப்பு போய், குழாயெல்லாம் நீல நிறம். முன்னால் புதிதாக, டர்போவின் காற்றழுத்தம் காட்ட ஒரு மீட்டர். வண்டி சும்மா நிற்கும்போது அதன் முள் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. என் சர்வீஸில் அழுத்தம் பூஜ்யம் என்றாலே ஊருக்குத் தண்ணீர் இல்லை. அதற்கும் கீழே என்ன இருக்க முடியும்? கேட்டால், “அது அப்படித்தான் சார்” என்கிறார்.

ஆகவே உறை போட்டு மூடி, சாவியை உங்கள் அத்தையின் பீரோவில் வைத்தாயிற்று. இனி அதன் கதவைக்கூடத் தொடமாட்டேன், இது சத்தியம். எப்படியாவது விடுமுறை கேட்டு உடனே வாருங்கள். வந்து என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அந்த வண்டியை விற்றுவிடுங்கள். நான் சொன்ன பொய் மட்டும் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
மாமனார்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க நடக்கலாமென்றால் முழங்கால் வலி. அதனால் இந்த ஒரு தடவை மட்டும் சாவியை வாங்கினேன். என்னை நம்பாமல் உங்கள் அத்தையும் ஏறிக்கொண்டாள். நேர்ச் சாலையில் கொஞ்சம் அழுத்தினேன். எங்கள் இரண்டு பேரையும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினாற்போல இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலை எடுத்தேன், புஸ்ஸ் என்றது. “இன்னொரு தடவை பண்ணுங்க” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! தபாலாபீஸைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர் வந்துவிட்டோம். இதைச் சாலையோரத்தில் நிறுத்தித்தான் எழுதுகிறேன். நீங்கள் விடுமுறை எதுவும் கேட்க வேண்டாம், நிதானமாகவே வாருங்கள். வண்டியை விற்கிற பேச்சே வேண்டாம். இதைவிடப் பெரிய டர்போ ஒன்று இருக்கிறதாம். போடலாமா என்று ஸ்பானர் கேட்டார். மாப்பிள்ளை ரொம்ப ஆசைப்படுகிறார் என்று சொல்லியிருக்கிறேன்.